வெப்சைட்டைத் திறந்தவர் போன் போடும் வரை

முதலில் ஒரு சின்ன சோதனை. உங்கள் தொழிலைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் போனில் உங்கள் வெப்சைட்டைத் திறந்து கொடுங்கள். "இவர்கள் என்ன செய்கிறார்கள், உனக்கு இவர்களிடம் ஒரு வேலை ஆக வேண்டுமென்றால் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேளுங்கள். பக்கத்திலேயே உட்காருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். அவர் விரல் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எங்கே திரும்பி வருகிறது என்று பார்த்தாலே போதும்.

லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் வெப்சைட்டைத் திருத்தப் போனபோது இதைச் செய்து பார்த்தேன். முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன, அவற்றின் மேல் "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. போனை வாங்கியவர் கீழே தள்ளினார், மேலே வந்தார், மெனுவைத் திறந்தார், மூடினார். தொலைபேசி எண் இருந்தது, ஆனால் லோகோவோடு சேர்த்து ஒரே படமாக. தட்டினால் கால் போகவில்லை, காப்பி செய்யவும் முடியவில்லை. கடைசியில் ஒரு பேப்பரை எடுத்து எண்ணை எழுதிக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து டயல் செய்தார். ராத்திரி 11 மணிக்கு லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது, வெளியே பதறிக்கொண்டு நிற்கிறவரால் இதையெல்லாம் செய்ய முடியாது. அவர் அடுத்த நிறுவனத்தைத் தேடிப் போய்விடுவார்.

வருகிறவர் ஒரு கேள்வியோடு வருகிறார். அதற்குப் பதில் கிடைக்க எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்துத்தான் நான் ஒரு வெப்சைட்டை எடைபோடுவேன். வண்ணம், அனிமேஷன், லோகோ எல்லாம் அதற்கப்புறம்தான்.

சரி, அந்தக் கேள்விகள் என்னவென்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் அலுவலகத்தில் போன் எடுப்பவரைக் கேளுங்கள். முதலாளிக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டை அவர் மேசையில் வைத்து, கூப்பிடுகிறவர்கள் கேட்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த லிஃப்ட் நிறுவனத்தின் நோட்டில் "ராத்திரி வருவீங்களா", "வேற கம்பெனி லிஃப்ட்டையும் பார்ப்பீங்களா", "வருஷ கான்ட்ராக்ட்ல பார்ட்ஸும் சேருமா" என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. மூன்றில் ஒன்றுக்குக்கூட அவர்கள் வெப்சைட்டில் பதில் இல்லை. நிறுவனம் எப்படி வளர்ந்தது என்ற கதை மட்டும் நீளமாக இருந்தது.

அப்புறம் முகப்பின் முதல் வரி. இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். தாரக மந்திர வரியை எடுத்துவிட்டு நாங்கள் போட்டது இது: "எந்தக் கம்பெனி லிஃப்டாக இருந்தாலும் பழுது பார்க்கிறோம், பராமரிக்கிறோம். இரவிலும் வருவோம்." அதற்குக் கீழே, தட்டினால் கால் போகும் எண். ஒரு வரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் வழி ரொம்ப எளிது: அதே வரியை ஒரு பேக்கரியோ பல் மருத்துவரோ அப்படியே போட்டுக்கொள்ள முடியுமென்றால் அது உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஓடும் படங்களையும் எடுத்துவிடச் சொல்வேன், ஏனென்றால் படிக்க ஆரம்பிக்கும்போதே அடுத்த படம் வந்துவிடுகிறது, இரண்டாவது படத்துக்கு மேல் பொறுமையாகப் பார்க்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

விலையைப் போடலாமா என்று எல்லோரும் தயங்குகிறார்கள். போடுங்கள். ஒரே விலை சொல்ல முடியாத தொழிலாக இருந்தால், குறைந்தது எதிலிருந்து ஆரம்பிக்கும், எதெல்லாம் சேர்ந்தால் கூடும் என்று எழுதுங்கள். விலையே தெரியாவிட்டால் "நமக்குக் கட்டுப்படியாகாது போல" என்று தானாகவே நினைத்துக்கொண்டு பேசாமல் போய்விடுகிறவர்கள் நிறைய. போட்டியாளர் பார்த்துவிடுவாரே என்கிறார்கள். அவர் ஒரு போன் போட்டால் தெரிந்துகொள்ளப் போகிறார்.

இனி தொடர்பு ஃபார்ம். பெயர், எண், என்ன வேலை, இந்த மூன்றும் போதும். பிறந்த தேதி, முழு முகவரி, "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்" எல்லாவற்றையும் நேரில் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம். எண் கேட்கும் கட்டத்தைத் தட்டினால் போனில் எண் கீபேட் வர வேண்டும், எழுத்துக் கீபோர்டு வரக் கூடாது. பட்டன்கள் விரலுக்குப் போதுமான அளவில் இருக்க வேண்டும், ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டுதல் 48 டிபி, ஐபோனுக்கு ஆப்பிள் சொல்வது 44 பாயின்ட் (இரண்டும் திரையில் அளவைக் குறிக்கும் அலகுகள், செய்பவருக்குத் தெரியும்). அனுப்பியதும் "கிடைத்தது, இன்று மாலைக்குள் கூப்பிடுகிறோம்" என்பது மாதிரி தெளிவாக ஒரு வரி வர வேண்டும், சொன்னபடி கூப்பிடவும் வேண்டும்.

ஃபார்மில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் செய்து கொடுத்த ஒரு வெப்சைட்டில் ஃபார்ம் நன்றாகவே இருந்தது, "நன்றி" என்றும் காட்டியது, ஆனால் அதிலிருந்து போன மெயில் எல்லாம் மாதக் கணக்கில் ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் விசாரிப்பு வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள், எழுதியவர்களோ பதிலே இல்லையே என்று வேறு இடம் போயிருப்பார்கள். அந்த ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு மெயிலாகப் பார்த்த நாள் இன்னும் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு டொமைனுக்கு (வெப்சைட்டின் முகவரிப் பெயருக்கு) எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் அமைக்காமல் எந்த ஃபார்மையும் நான் ஒப்படைப்பதில்லை. மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று பெறுகிற சர்வருக்கு நிரூபிக்கும் ஏற்பாடுகள் அவை. உங்கள் வெப்சைட்டைச் செய்தவரிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள். வருகிற விசாரிப்புகள் மெயிலுக்குப் போவதோடு வெப்சைட்டுக்குள்ளேயும் ஒரு பிரதி சேமிக்கப்பட வேண்டும், அதையும் கேளுங்கள்.

வேகத்துக்குக் கூகுளே அளவு சொல்லியிருக்கிறது. பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் கண்ணில் பட வேண்டும். தட்டினால் 200 மில்லிவினாடிக்குள் திரையில் அதன் விளைவு தெரிய வேண்டும் (இந்த அளவை 2024 மார்ச்சில்தான் சேர்த்தார்கள்). மூன்றாவது, லோடு ஆகும்போது எழுத்தும் பட்டனும் இடம் மாறிக் குதிக்கக் கூடாது. "அழைக்க" என்ற பட்டனைத் தட்டப் போகிற அந்த நொடியில் மேலே ஒரு படம் வந்து விழுந்து, பட்டன் கீழே நகர்ந்து, விரல் வேறெதையோ தட்டிவிடும், அது எல்லோருக்கும் நடந்திருக்கும். படத்தின் அகல உயரத்தை முன்கூட்டியே வெப்சைட்டின் கோடில் (code) குறித்துவிட்டால் அதற்கான இடம் காலியாகக் காத்திருக்கும், எதுவும் குதிக்காது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் உங்கள் முகவரியைப் போட்டால் இவற்றைப் பார்க்கலாம், வருகை குறைவான தளத்துக்குத் தட்டும் வேகம் மட்டும் வராமல் போகலாம். அதில் நூற்றுக்கு நூறு வாங்கப் பாடுபட வேண்டாம், அந்த நேரத்தில் ஒரு நல்ல சேவைப் பக்கம் எழுதலாம்.

பெரும்பாலும் மெதுவாவதற்குக் காரணம் படங்கள். போனில் எடுத்த படம் சாதாரணமாக 4000 பிக்சல் அகலத்தில் பல எம்பி இருக்கும், அதை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். 1600 பிக்சலுக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கேபிக்கு வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கிய, கை குலுக்கிச் சிரிக்கும் கோட்டு சூட்டுக்காரர்கள் படம் வேண்டாம். உங்கள் ஆட்கள் வேலை செய்கிற படம், கொஞ்சம் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அதைப் போடுங்கள். முழு முகவரி, வேலை நேரம், பொறுப்பில் இருப்பவரின் பெயர் எல்லாம் தெரியட்டும். முகம் தெரியாத இடத்தில் யாரும் பணத்தைக் கொடுக்க மாட்டார்கள். முகவரிப் பட்டையில் "பாதுகாப்பற்றது" என்று வந்தால் அதை இன்றைக்கே சரிசெய்யுங்கள். எச்டிடிபிஎஸ் (தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) இல்லாத எல்லாத் தளங்களுக்கும் குரோம் 2018 ஜூலையிலிருந்து அப்படித்தான் காட்டுகிறது, அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம், வெயிலில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

கூகுளில் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பக்கம் வையுங்கள், தலைப்பில் அந்த நோட்டில் எழுதிய வார்த்தைகளே இருக்கட்டும். ஜனங்கள் "லிஃப்ட் ரிப்பேர்" என்று தேடும்போது நீங்கள் "செங்குத்துப் போக்குவரத்துத் தீர்வுகள்" என்று எழுதி வைத்தால் இரண்டும் எங்கே சந்திக்கும்? கூகுள் பட்டியலிடும்போது போனில் தெரியும் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது, அதனால் கணினியில் மட்டும் தெரிந்து போனில் மறைந்துவிடும் பகுதிகளை நம்ப வேண்டாம். சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியை இணைத்துவிட்டால் எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று தெரியும், மாதம் ஒருமுறை அதைப் பார்த்தாலே அடுத்து எதை எழுதுவதென்று புரிந்துவிடும்.

டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். செய்து கொடுத்தவர் பெயரிலோ, வேலையை விட்டுப் போன ஊழியரின் மெயிலிலோ இருந்தால், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் உங்களுக்கு வரவே வராது, ஒருநாள் காலையில் வெப்சைட்டும் இருக்காது, அதே டொமைனில் ஓடும் மெயிலும் இருக்காது. உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள்.

மாதத்தின் முதல் நாள் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் உங்கள் வெப்சைட்டைத் திறந்து, எண்ணைத் தட்டிப் பாருங்கள், ஃபார்மை நிரப்பி அனுப்பிப் பாருங்கள், அது யார் கைக்கு எப்போது வந்து சேர்கிறது என்று விசாரியுங்கள். அந்த லிஃப்ட் அலுவலகத்தில் நோட்டு இன்னும் போன் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே கேள்வி மூன்றாவது முறை வந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். போன வாரம் வந்தது: "கரண்ட் போனா லிஃப்ட் தானா கீழ வந்துடுமா?" அதற்கான பக்கத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.