ஊர் விலக்கிவைத்த குடும்பம் மீண்டும் நிமிர்வது எப்படி

ஊர்ப் பெரியவர்களின் அடக்குமுறையைத் தட்டிக் கேட்டதற்காக விலக்கிவைக்கப்பட்டு, தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வாடகை அறை பிடித்துக் குடியேறும் குடும்பம், முதல் வாரத்திலேயே ஒரு நோட்டு வாங்கிவிட வேண்டும். தண்டோரா போட்ட நாள், மளிகைக் கடையில் உப்பு மறுக்கப்பட்ட நாள், பால் சொசைட்டியில் கேனைத் திருப்பி அனுப்பிய நாள், அப்போது அருகில் நின்றவர்கள் என அனைத்தையும் தேதி போட்டு எழுதுங்கள். எங்கள் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "காசு நீட்டினேன், உப்பு இல்லைன்னுட்டான்" என்றபோது நடுங்கிய அவர் குரல், அந்த வரியை மூன்றாம் முறை நான் படித்துக் காட்டித் திருத்தம் கேட்டபோது நடுங்கவில்லை.

அடுத்தது மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது அவ்விரு பிரிவுகளையும் சேராதவர்கள் சமூகப் புறக்கணிப்பு விதிப்பது, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அதற்கான உதவி எண் 14566. பெண்களுக்கும் இப்பிரிவினருக்கும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். சமாதானக் கூட்டத்துக்கு அழைத்தால் போங்கள். ஆனால் படித்துப் பார்க்காத தாளிலும், தண்டம் கட்டுவதாகவோ காலில் விழுவதாகவோ எழுதிய தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

இருட்டிய பிறகு போன் செய்து பேசும் ஒரு வீடாவது ஊரில் இருக்கும். அவர்களைச் சாட்சிக்கு இழுக்க அவசரப்பட வேண்டாம். உங்களோடு பேசியதற்கு அபராதம் கட்டப்போவது அவர்கள்தாம் என்பதால், ஆடு குட்டி போட்டதா, ஏரியில் தண்ணீர் வந்ததா என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டாலே அந்த உறவு நிலைக்கும்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதை முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொள்வதும் துணிவுக்கு உதவும். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும் காவலர்களும் வருவாய்த்துறையினரும் புகுந்து நடத்திய கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். அம்மக்கள் அத்தனை ஆண்டுகளும் விதைத்தார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தார்கள், வாய்தாவுக்கும் போனார்கள். நீங்களும் வழக்கு முடியட்டும் என்று பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையையோ, ஓசூரில் கிடைக்கும் வேலையையோ தள்ளிப்போடாதீர்கள்.

மிகக் கடினமான நாள் ஊர் மாரியம்மன் திருவிழாதான். பம்பைச் சத்தம் கேட்காத தொலைவில் இருந்தாலும் காதில் விழும். அன்று கதவைச் சாத்திக்கொண்டு படுக்காமல், களி கிண்டி, கோழிக் குழம்பு வைத்து, புதிய தெருவில் முகம் பழகிய இருவரையாவது சாப்பிடக் கூப்பிடுங்கள். எங்கள் அறைக்கு முதல் ஆண்டு மூவர் வந்தார்கள். தட்டு போதாமல், வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு இரவல் வாங்கினோம்.