சொந்த எமுலேட்டரில் மெமரி மேப் எழுதுவது எப்படி?

காரைக்குடியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் நாலைந்து பாலிடெக்னிக் மாணவர்களோடு சேர்ந்து ஒரு சின்ன ரிஸ்க்-ஃபைவ் எமுலேட்டர் எழுதி வருகிறேன். அதாவது, ரிஸ்க்-ஃபைவ் என்ற சிபியு வகைக்கான கணினியைப் போல நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள். சிபியு கட்டளைகள் அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. சாதனங்களை மெமரி மேப்பில் (எந்த முகவரி யாருடையது என்ற வரைபடத்தில்) சேர்க்கும் இடத்தில்தான் எல்லோரும் தடுமாறினார்கள். அவர்களுக்கு விளக்கிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். முகவரி, நீளம், ரெஜிஸ்டர் (சிபியுவிலும் சாதனத்திலும் உள்ள சின்னச் சேமிப்பிடம்) மதிப்பு எல்லாம் ஹெக்ஸ் (16-அடிமான) எண்கள்.

படி 1: வரைபடம்

ராம் எது, சீரியல் போர்ட் எது என்று சிபியுவுக்குத் தெரியாது. ஒரு முகவரியைச் சொல்லிப் படிக்கும், அல்லது எழுதும். அது யாருடைய முகவரி என்று பார்த்து அனுப்புவது பஸ்ஸின் வேலை. எங்கள் பக்கத்து வீடுகளில் வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றி வரிசையாக அறைகள், புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒன்றாக இருக்கும். தலைவாசல் மட்டும் பொது. முகப்பில் வந்து ஆளைச் சொன்னால் அறையைக் காட்டுவார்கள். பஸ்ஸும் அப்படித்தான்.

முகவரிகளை நாமாகக் கற்பனை செய்ய வேண்டாம். கியூஎமு என்ற எமுலேட்டரின் 'விர்ட்' என்னும் மாதிரி இயந்திரத்தில் உள்ளபடியே வைத்துக்கொள்ளலாம். அதற்கென எழுதிய நிரல்களைப் பின்னால் இதிலும் ஓட்டிப் பார்க்கலாம். யுஆர்ட் (சீரியல் போர்ட்) 10000000-இல் தொடங்குகிறது, நீளம் 100. ராம் 80000000-இல் தொடங்குகிறது. 128 எம்பி என்றால் நீளம் 08000000. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சாக்பீஸால் இதை வரைந்தோம். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய காலி இடம் என்று அப்போதுதான் மாணவர்களுக்கு உறைத்தது.

படி 2: தேடும் செயற்கூறு

ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கம், நீளம், படிக்க ஒரு செயற்கூறு, எழுத ஒன்று. புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதன் மேல் ஏறி உட்கார்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தேடு(முகவரி, அளவு):
  ஒவ்வொரு பகுதியிலும்:
    முகவரி < தொடக்கம் என்றால் அடுத்த பகுதி
    தூரம் = முகவரி − தொடக்கம்
    தூரம் + அளவு ≤ நீளம் என்றால் (பகுதி, தூரம்) கொடு
  யாரும் இல்லை: பிழை

சாதனத்துக்குத் தூரத்தை மட்டும் கொடுங்கள், முழு முகவரி வேண்டாம். அப்போதுதான் அதே யுஆர்ட்டை நாளைக்கு வேறு முகவரியில் வைத்தாலும் அதன் நிரலைத் தொட வேண்டியிருக்காது. அளவையும் கூட்டிப் பார்ப்பது ஏன்? ராமின் கடைசி பைட்டில் நின்று நாலு பைட் கேட்டால் மூன்று பைட் வெளியே போய்விடும்.

யாருக்கும் சொந்தமில்லாத முகவரிக்குப் பேசாமல் 0 கொடுத்துவிடாதீர்கள். ரிஸ்க்-ஃபைவில் இதற்கென்றே எண்கள் உண்டு: படிக்கும்போது பிழை 5, எழுதும்போது பிழை 7.

படி 3: ராம்

ஒரு பைட் வரிசை போதும். பல பைட் எண்ணில் மதிப்பு குறைந்த இடத்து பைட் முதலில் வரவேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

படி 4: யுஆர்ட்

இங்கே நிதானமாக வாருங்கள். யுஆர்ட்டையும் 256 பைட் வரிசையாக எழுதிவிடத் தோன்றும். ஆனால் 16550 என்ற வகை யுஆர்ட்டில் தூரம் 0-இல் எழுதினால் எழுத்து வெளியே போகிறது. அதே 0-இல் படித்தால் விசைப்பலகையிலிருந்து வந்த எழுத்து கிடைக்கிறது. ஒரே முகவரி, ஆனால் இரண்டு ரெஜிஸ்டர்கள். தூரம் 5 நிலை காட்டுவது: எழுத்து வந்திருந்தால் பிட் எண் 0-இல் 1 இருக்கும், அனுப்பும் பக்கம் காலியாக இருந்தால் பிட் எண் 5, 6 இரண்டிலும் 1 இருக்கும். நாம் உடனுக்குடன் திரையில் அச்சிடுவதால் சும்மா இருக்கும்போது 60, எழுத்து காத்திருந்தால் 61.

0-இல் படித்ததும் அந்த எழுத்து வரிசையிலிருந்து போய்விடும். இது எனக்கே ஒரு ராத்திரியைத் தின்றது. தட்டிய எழுத்துகளில் பாதி வரவில்லை. கடைசியில் பார்த்தால், மெமரியைக் காட்ட நான் திறந்து வைத்திருந்த ஜன்னல் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் 10000000-ஐப் படித்து எழுத்தை எடுத்துக்கொண்டிருந்தது. "பாத்தா எப்படிண்ணே காணாமப் போகும்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ராமில் படிப்பது பார்ப்பது மாதிரி. சாதனத்தில் படிப்பது எடுத்துக்கொள்வது. அதனால் 'எட்டிப்பார்' என்று மூன்றாவதாக ஒரு செயற்கூறு எழுதுங்கள். அது எதையும் மாற்றாது. டீபக்கர் (அந்த ஜன்னலைப் போலப் பிழை தேட உதவும் கருவி) அதை மட்டும்தான் கூப்பிட வேண்டும்.

படி 5: சோதனை

ராமின் தொடக்கத்தில் இந்த மூன்று கட்டளைகளை (ஒவ்வொன்றும் நாலு பைட் எண்) வையுங்கள்:

10000337
04100293
00530023

முதலாவது, யுஆர்ட் முகவரியை ஒரு ரெஜிஸ்டரில் ஏற்றுகிறது. இரண்டாவது, இன்னொன்றில் 41-ஐ வைக்கிறது. மூன்றாவது அந்த பைட்டை யுஆர்ட்டில் எழுதுகிறது. 80000000-இலிருந்து ஓட்டினால் திரையில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' வரும். பிழை 7 வந்தால் யுஆர்ட் பட்டியலில் இல்லை என்று அர்த்தம். எழுத்து வந்த பிறகு எமுலேட்டர் செல்லாத கட்டளை என்று சொல்லி நின்றால் பயப்பட வேண்டாம். நான்காவது இடத்தில் இருப்பது வெறும் சுழி. ரிஸ்க்-ஃபைவில் அது செல்லாத கட்டளைதான்.