எம்பிஏவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

எம்பிஏ சேரலாமா என்று யோசிக்கிற இன்ஜினியர்கள், கோச்சிங்குக்கோ அட்மிஷனுக்கோ ஒரு ரூபாய் கட்டும் முன் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் (SWAYAM) கணக்கியல் அல்லது நிதி மேலாண்மைப் பாடம் ஒன்றை முழுசாக முடித்துப் பாருங்கள். அங்கே மேலாண்மைப் பாடங்களை ஒருங்கிணைப்பது பெங்களூர் ஐஐஎம். படிக்கக் கட்டணம் கிடையாது, சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக்குப் பணம்.

இது ஏன் பலன் தரும் என்றால், எம்பிஏவில் வரும் கணக்கு நமக்குப் பழகியதுதான், புதிதாக வருவது பேலன்ஸ் ஷீட்டும் காஸ்டிங்கும் (பொருளுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது), அதில் மனசு ஒட்டுமா என்று சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வது ரொம்பக் காஸ்ட்லி. கோயமுத்தூரிலிருந்து வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு ஆலைகளுக்குப் போய்வருகிற பிள்ளைகள் ரயிலிலேயே பாடத்தைக் கேட்கலாம், அப்புறம் தங்கள் புரொடக்‌ஷன் லைனில் ஸ்கிராப்பாகப் போகிற பொருளுக்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அது சுவாரசியமாக இருந்தால் தைரியமாக எம்பிஏ போங்கள். சம்பளமும் மேனேஜரும் மட்டும்தான் பிரச்சினை என்றால் கம்பெனி மாறினாலே போதும்.

கன்சல்டிங், இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே கேம்பஸ் பிளேஸ்மென்ட்தான் பெரிய வாசல். பதவி உயர்வுக்குப் பட்டமே கேட்கும் இடத்திலும் இந்தச் சான்றிதழ் செல்லாது. ஏற்கெனவே எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட்டில் (CAT) நல்ல ஸ்கோர் கையில் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், அது அந்த ஒரு வருட அட்மிஷனுக்கு மட்டும்தான்.