டெஸ்டிங்குக்கு சொந்தமா ஒரு குட்டி கிளவுட்: மூணு பழைய டெஸ்க்டாப் போதும்

ஒரே ஸ்டேஜிங் சர்வர்ல, அதாவது ரிலீஸுக்கு முன்னாடி ஆப்பை ஓட்டிப் பாக்கற சர்வர்ல, நாலு பேர் டெஸ்ட் பண்றீங்களா? ஒருத்தர் டேட்டாபேஸ்ல கை வெப்பார், இன்னொருத்தர் டெஸ்ட் ஃபெயில் ஆகும், அது நிஜமாவே ஆப்ல இருக்கற தப்பா இல்ல பக்கத்து சீட்ல பண்ணின வேலையான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். ஆளுக்கொரு விஎம், அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள்ள ஓடற வர்ச்சுவல் கம்ப்யூட்டர், தனி என்விரான்மென்ட்டா குடுத்துட்டா இந்தத் தலைவலியே கிடையாது.

முதல்ல மெஷின். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் மூணு வாங்குங்க, ஒவ்வொண்ணுலயும் 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி. கடையிலேயே ஆன் பண்ணி பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங்ஸ் ஸ்கிரீன்) விஎம் ஓட்டறதுக்கு வேண்டிய வர்ச்சுவலைசேஷன் ஆப்ஷன் இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க. ஏன் மூணு? இந்த மூணையும் ஒண்ணா சேத்து கிளஸ்டர் ஆக்கப்போறோம், அதுல எல்லாம் ஓட்டுக் கணக்குதான், பாதிக்கு மேல மெஷின் உயிரோட இருக்கணும். நான் ரெண்டோட ஆரம்பிச்சேன், ரிலீஸுக்கு முந்தின நாள் கரண்ட் போய் வந்ததுல ஒண்ணு படுத்துடுச்சு, இன்னொண்ணு நல்லா இருந்தும் ஒரு விஎம் கூட ஸ்டார்ட் ஆகல, அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போகவே இல்ல. யூபிஎஸ்ஸும் சேத்து வாங்கிடுங்க.

அடுத்து பிராக்ஸ்மாக்ஸ், விஎம் எல்லாத்தையும் உருவாக்கி நிர்வகிக்கற சாஃப்ட்வேர். டெபியன் லினக்ஸ் மேல ஓடுறது, இலவசம். பென்டிரைவ்ல போட்டு மூணுலயும் இன்ஸ்டால் பண்ணுங்க, ஹோஸ்ட்நேமும் ஐபியும் யோசிச்சு வைங்க, கிளஸ்டர் ஆனப்புறம் மாத்தறது பெரிய பாடு. பிரவுசர்ல ஐபி போட்டு 8006 போர்ட்ல போனா ஸ்கிரீன் வரும். முதல் மெஷின்ல கிளஸ்டர் கிரியேட் பண்ணி, ஜாயின் இன்ஃபர்மேஷனை காப்பி பண்ணி மத்த ரெண்டுலயும் பேஸ்ட் பண்ணுங்க, அவ்ளோதான். சேரப்போற மெஷின்ல விஎம் எதுவும் இருக்கக்கூடாது.

இப்போ டெம்ப்ளேட், அதாவது காப்பி எடுக்கறதுக்கான மாதிரி விஎம், இங்கதான் நிறைய பேர் மாட்டுவாங்க. ஒரு விஎம்ல உபுண்டு சர்வர் போட்டு உங்க ஆப்புக்கு வேணுங்கறதெல்லாம் ஏத்திக்கோங்க. டெம்ப்ளேட்டா மாத்தறதுக்கு முன்னாடி அந்த விஎம்மோட தனி அடையாளம் இருக்கற மெஷின் ஐடி ஃபைலை காலி பண்ணுங்க, ஃபைலை அழிக்காதீங்க, உள்ள இருக்கறதை மட்டும் அழிங்க. விட்டீங்கன்னா அதுலேர்ந்து எடுக்கற க்ளோன் (காப்பி) எல்லாத்துக்கும் ஒரே ஐடி, நெட்வொர்க்ல தானா ஐபி குடுக்கற டிஹெச்சிபி எல்லாத்துக்கும் ஒரே ஐபி குடுக்கும், ஒண்ணை ஆன் பண்ணா இன்னொண்ணு நெட்வொர்க்ல காணாமப் போகும், நீங்க கேபிளை ஆட்டிப் பாத்துட்டு இருப்பீங்க.

அப்புறம் டெஸ்டருக்கு ஒரு லிங்க்ட் க்ளோன் (முழு காப்பி எடுக்காம டெம்ப்ளேட் டிஸ்க்கையே பகிர்ந்துக்கற காப்பி), ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. டெஸ்டுக்கு முன்னாடி அப்போதைய நிலையை சேவ் பண்ற ஒரு ஸ்னாப்ஷாட், முடிஞ்சதும் அந்த நிலைக்கே திரும்ப ரோல்பேக், டேட்டா பழையபடி சுத்தமா நிக்கும். டிஸ்க் அந்தந்த மெஷின்லயே இருக்கறதால லிங்க்ட் க்ளோனும் அதே மெஷின்லதான் வரும், அதனால மூணுலயும் ஒவ்வொரு டெம்ப்ளேட் வெச்சுக்கோங்க. வேலை முடிஞ்ச க்ளோனைத் தூக்கிடுங்க, டெம்ப்ளேட் டிஸ்க்கை மட்டும் தொடாதீங்க, எல்லா க்ளோனும் அது மேலதான் நிக்குது.