ஈர மண்ணுக்கும் வேர்களுக்கும் ஏற்ற மலை சைக்கிள்: என் அனுபவம்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஏறும்போது என் பழைய சைக்கிள் நன்றாகவே உழைத்தது. ஆனால் மழைக்குப் பிந்தைய இறக்கங்களில் முன்சக்கரம் செம்மண்ணில் வழுக்குவதும், பின்சக்கரம் வேர்களில் மோதி எகிறுவதும் ஓயவில்லை. முன்பக்கம் மட்டும், 100 மி.மீ. வரை அமுங்கி அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் கொண்ட கிராஸ் கன்ட்ரி (ஏற்றத்துக்கும் வேகத்துக்குமான) வகை அது.

மாற்றாக இரண்டு வகைகளை இரவல் வாங்கி அதே பாதையில் ஓட்டினேன். 160 மி.மீ. சஸ்பென்ஷன் கொண்ட, கடினமான இறக்கங்களுக்கான என்டியூரோ வகை இறக்கத்தில் மிகுந்த துணிவு தந்தாலும், நீண்ட ஏற்றங்களில் அதன் எடை காலை இழுத்தது. பின்னால் 130, முன்னால் 140 மி.மீ. கொண்ட, ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் பொதுவான டிரெயில் வகையே எனக்குப் பொருந்தியது. அதன் ஹெட் ஆங்கிள், அதாவது சட்டத்தின் முன்குழாய் தரையோடு அமைக்கும் கோணம், 65 பாகை. இந்தக் கோணம் குறையக் குறைய முன்சக்கரம் நமக்கு முன்னால் தள்ளி நிற்பதால், செங்குத்தில் தலைகுப்புறக் கவிழும் அச்சம் தணிகிறது. மெதுவாகத் திரும்பும்போது கைப்பிடி சற்றுச் சுணங்கும் என்பது உண்மைதான், அதற்குக் கை விரைவில் பழகிவிடும்.

வாங்கியதோடு வேலை முடியவில்லை. பின்பக்க அதிர்வுத் தாங்கியான ஷாக்கின் தண்டிலுள்ள ரப்பர் வளையத்தை உறையோடு ஒட்டித் தள்ளிவிட்டு, ஓட்டும் உடையோடும் பையோடும் மெல்ல அமர்ந்து இறங்கி, வளையம் நகர்ந்த தூரம் தண்டின் மொத்த ஓட்டத்தில் 30 விழுக்காட்டுக்கு வரும்வரை ஷாக்கிலுள்ள காற்றைச் சரிசெய்தேன். பிறகுதான் சக்கரம் வேர்களின்மேல் துள்ளாமல் படிந்து சென்றது.

காய்ந்த சரளைப் பாதைகளில் மட்டும் ஓட்டுபவர்கள் பின் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயிலையே வைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர்களும் ஓட்டும்போதே இருக்கையைத் தாழ்த்த உதவும் டிராப்பர் சீட் போஸ்ட்டும் வாங்கலாம்.