வயித்துக்குள்ள கீமோ ஏத்துற போர்ட்: செய்யக்கூடாத பிழைகள்

சூலகத்தில கேன்சர் வந்து ஒப்பரேஷன் முடிஞ்ச சில பேருக்கு, கீழ் விலா எலும்புக்கு மேல தோலுக்கடியில ஒரு சின்ன போர்ட் வச்சு, அதில இருந்து போற டியூப் வழியா கீமோவ நேரா வயித்துக்குள்ள விடுவாங்க. எல்லாருக்கும் இது சரிவராது, ஒப்பரேஷனுக்குப் பிறகு மிஞ்சின கட்டி 1 சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற ஆக்களுக்குத்தான் பெரும்பாலும் யோசிக்கிறது.

பெரிய பிழை என்னெண்டா, நெஞ்சில வைக்கிற போர்ட்டும் இதுவும் ஒண்டெண்டு நினைக்கிறது. அது ரத்தக்குழாய்க்குப் போகுது, இது வயித்துக் குழிக்கு (இரைப்பைக்கில்ல, குடலைச் சுத்தி இருக்கிற இடத்துக்கு), இதில இழுத்தா ரத்தம் வராது. தடவிப் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான். ராத்திரி அவசரத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஈடியூவுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவுக்கு) ஓடினா அங்க நிக்கிற நர்ஸ் மிஸ்ஸுக்கு இது எப்பிடித் தெரியும், அதுவும் எங்கட அம்மாமார் சிங்களத்தில சொல்லத் தெரியாமத் தடுமாறேக்க? அதனால "இது வயித்துக்குப் போற போர்ட், இதில சேலைன் ஏத்த வேணாம், ரத்தம் எடுக்க வேணாம்" எண்டு சிங்களத்திலயும் இங்கிலீஷிலயும் ஒரு துண்டில எழுதுவிச்சு கிளினிக் கொப்பியோட குத்தி வைங்கோ. இத தயவுசெஞ்சு இண்டைக்கே செய்யுங்கோ.

மருந்து ஏத்துற நாளில இறுக்கமான உடுப்போட போறதும் பிழை. சூடாக்கின திரவம் 1 லீட்டர், பிறகு தாங்கினா இன்னுமொரு லீட்டர் உள்ள போகும், வயிறு ஊதி மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், அதால தளர்வான ஹவுஸ்கோட்தான் நல்லது, ஏத்த முதல் பாத்ரூம் போயிட்டு வாங்கோ. ஏத்தி முடிஞ்சதும் களைப்பில அப்பிடியே மல்லாந்து படுத்திருக்கக் கூடாது. 15 நிமிஷத்துக்கு ஒருக்கா பக்கம் மாறிப் படுக்கோணும், ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு, அப்பத்தான் மருந்து எல்லா மூலைக்கும் பரவும். துணைக்குப் போற ஆள் ஃபோன்ல டைம் வச்சு எழுப்பி விடுங்கோ. ஊசி குத்தின இடம் எரிஞ்சா, பிளாஸ்டர் ஈரமாத் தெரிஞ்சா உடனே மிஸ்ஸைக் கூப்பிடுங்கோ, ஊசி விலகி மருந்து தோலுக்கடியில போகக்கூடும். அந்தத் தண்ணிய திரும்ப எடுக்க மாட்டாங்க, உடம்பே கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சிக்கொள்ளும்.

வலியப் பல்லைக் கடிச்சுக்கொண்டு மறைக்கிறது அடுத்த பிழை. 2006ல வந்த அமெரிக்க ஆய்வில இந்த முறையில போன பெண்களில பாதிப் பேர் 65.6 மாசத்துக்கு மேல இருந்தாங்க, நரம்பால, அதாவது ரத்தக்குழாயால மட்டும் ஏத்தினவங்களுக்கு அது 49.7 மாசம். ஆனா வயித்து வழியா 6 தரமும் முடிச்சது 42 சதவீதம் பேர்தான். பிறகு 2019ல, பெவசிசுமாப் எண்ட இன்னொரு கேன்சர் மருந்தும் சேர்த்துச் செய்த ஆய்வில, நரம்பால ஏத்தினதவிட இந்த முறையில நோய் திரும்புறது பிந்தினதாக் காணேல்ல. அதால டொக்டர் இடையில நிப்பாட்டி நரம்புக்கு மாத்தினா "நீ தாங்கேல்ல" எண்டு அந்த மனுசியில பழி போடாதீங்கோ, அது கொடுமை.

கடைசியா காய்ச்சல். எங்கட வீடுகளில முதல்ல கொத்தமல்லி அவிப்பம், இல்லாட்டி ரெண்டு பனடோல். கீமோ போற ஆளுக்கு 38 டிகிரி வந்தா அதுவே அவசரம், வெள்ளை அணு குறைஞ்சிருக்கலாம், போர்ட்டிலயும் கிருமி பிடிச்சிருக்கலாம், பனடோல் காய்ச்சல மறைச்சுப்போடும். போர்ட் இருக்கிற இடம் சிவந்து வீங்கினாலும், வயிறு கல்லு மாதிரி இறுகினாலும் இதேதான். விடியட்டும், 138 பஸ்ல மகரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு பாத்துக்கொண்டிருக்காம ஒரு த்ரீவீலரப் பிடிச்சு கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, வாசலிலயே "கீமோ போகுது" எண்டு சொல்லுங்கோ.