இரட்டைக் குழாய்க் கோர் பேரல்: உறுப்புகளின் அளவை முடிவுசெய்யும் முறை

பாறையைத் துளைத்து அதன் உருளை வடிவ மாதிரியை (தண்டை) எடுக்கும் குழாயமைப்பான கோர் பேரலை வடிவமைக்கும்போது வெளிக்குழாயிலிருந்து உள்நோக்கி வருவதைவிட, வேண்டிய பாறைத் தண்டின் விட்டத்திலிருந்து வெளிநோக்கிச் செல்வதே நல்லது. வயர்லைன் முறையின் (உள்குழாயை மட்டும் கம்பிவடத்தால் மேலே இழுத்தெடுக்கும் முறை) என்.க்யூ. என்ற நிலையான அளவை எடுத்துக்கொள்வோம்: தண்டு 47.6 மி.மீ., துளை 75.7 மி.மீ. உள்குழாயின் உள்விட்டம் 50 மி.மீ. எனில், தண்டைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 1.2 மி.மீ. இடைவெளி கிடைக்கும்; இதைக் குறைத்தால் நொறுங்கிய பாறை குழாயில் சிக்கிக்கொள்ளும், கூட்டினால் தண்டு ஆடி உடையும்.

வெளிக்குழாய் சுழலும்போது உள்குழாய் சுழலாமல் நிற்க வேண்டும் என்பதால், அதன் தலைப்பகுதியில் பேரிங்குகளை அமைத்து, அவற்றுக்கு கிரீஸ் செலுத்தும் நிப்பிளையும் மறவாமல் சேர்க்க வேண்டும். பேரிங் இறுகிவிட்டால் உள்குழாயும் சேர்ந்து சுழன்று தண்டை முறுக்கி அரைத்துவிடும். தண்டு ஏறும்போது உள்ளிருக்கும் நீர் மேலே வெளியேற, பந்து வால்வு ஒன்றும் தேவை.

அதிகக் கவனம் கோர் லிஃப்டருக்கே உரியது. ஒரு பக்கம் பிளவு விடப்பட்ட இந்த எஃகு வளையம், கீழ்நோக்கிக் குறுகும் கூம்பு வடிவ உறைக்குள் அமர்கிறது. பேரலை மேலே இழுக்கும்போது வளையம் அந்தக் கூம்பில் சரிந்து தண்டை இறுகப் பற்றி, அடிப்பாறையிலிருந்து முறிக்கிறது. ஆகவே வளையத்தின் தளர்நிலை உள்விட்டம் தண்டின் விட்டத்தைவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். தண்டுத் துண்டு ஒன்றை அதனுள் கையால் தள்ளிப் பாருங்கள்: இலேசான பிடிப்புடன் நகர்ந்தால் போதும்.

பிட்டுக்கு (பாறையை வெட்டும் முனைக்கு) மேலே வரும் ரீமிங் ஷெல், பிட்டைவிடச் சிறிதளவு பெரிதாக இருந்து துளையின் விட்டத்தைக் காக்கிறது. மென்பாறையில் நீர் தண்டை அரிக்காதிருக்க, முகப்பில் நீர் வெளியேறும் பிட்டைத் தேர்ந்தெடுப்பது நன்று.